பொலிடிக்ஸ், பாட்டு, பஸ் எண்டு எல்லாத்திலயும் எனக்கு ஒரு கருத்து இருக்கு, இது பிழையா அன்ரி?

கேள்வி (நீளமான கடிதம், சுருக்கிப் போடுறன்):

"அன்ரி, எனக்கு 17, வெள்ளவத்தை, ஏ.எல். கொமர்ஸ். எனக்கு எதைப் பாத்தாலும் ஒரு கருத்து வருது, ஆனா ஒண்டும் ஆழமாத் தெரியாது. 2022ல அம்மாவோட காஸ் கியூவில நிண்ட நேரத்தில இருந்து அரசியல் பாக்கிறன். 2024ல அநுர வெல்லேக்க நல்ல சந்தோசம். பிறகு யாழ்ப்பாணத்து மச்சாள் 'வடக்கு கிழக்கைப் பிரிக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போன கட்சியடி அது' எண்டாள், அதுவும் சரி எண்டு பட்டுது. அடுத்த கிழமை ஒரு ரீல் பாத்தன், திரும்ப மாறிட்டன். பாட்டும் அப்பிடித்தான், காலமை கே-பொப், பஸ்ல பைலா, இரவில இளையராஜா, இடையில சிங்கள ராப். சங்கீதம் பாதியில விட்டுட்டன், அம்மா இன்னும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறா. பெடியள் பத்து மணி வரைக்கும் மெரின் டிரைவ்ல இருக்கினம், நான் மட்டும் ஏன் ஆறரைக்கு வீட்ட நிக்கவேணும்? எஃப்.எம். அறிவிப்பாளர்மார் ஏன் சென்னையில பிறந்த மாதிரி கதைக்கினம்? மே 18க்கு இன்ஸ்டா ஸ்டோரியில ஒரு மெழுகுதிரி படம் போட்டன். அம்மாட தம்பிக்காக. எனக்கு ஒரு வயசா இருக்கேக்க வன்னியில செத்தவர், என்னைத் தூக்கினதே இல்லையாம். என்ர பெஸ்ட் ஃப்ரெண்ட் சிங்களப் பிள்ளை, 'இது எல்.ரி.ரி.ஈ. ஆக்களுக்குச் செய்யிறதெல்லோ?' எண்டு கேட்டாள். நான் பதில் போடேல்ல. ரெண்டு கிழமையா பஸ்ல பக்கத்தில இருந்தும் இயர்போன் பங்குபோடேல்ல. அப்பா கண்டுட்டு உடன அழி எண்டார். அரசியல் எண்டு வாயைத் திறந்தாலே 'வாயை மூடிக்கொண்டு படி' எண்டுதான் சொல்லுவார். வகுப்பில ஒருத்தி என்னை ஃபேக் எண்டுறாள், ஒண்டிலயும் நிலையா நிக்கமாட்டனாம். நான் ஃபேக்கா அன்ரி? பி.கு.: அடுத்த எலெக்‌ஷனுக்கு எனக்கு வோட் இருக்குமா? மற்றது, பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா?"

பதில்:

பிள்ளை, உம்மட கடிதத்தை எடிட்டர் அனுப்பேக்க "இதில எது கேள்வி எண்டு நீங்களே கண்டுபிடியுங்கோ" எண்டு ஒரு குறிப்பும் போட்டுத்தான் அனுப்பினார். எனக்கு அது பிரச்சினை இல்ல, உளவளத்துணைக்கு வாற உம்மட வயசுப் பிள்ளையள் எல்லாம் கிட்டத்தட்ட இப்பிடித்தான் கதைக்கிறவை, ஒரு மணித்தியாலத்தில கடைசி அஞ்சு நிமிசத்திலதான் உண்மையான விசயம் வரும். உம்மட கடிதத்திலயும் அந்த மெழுகுதிரிக் கதை கடைசிப் பக்கத்திலதான் இருந்தது.

ஃபேக்கா எண்ட கேள்விக்கு முதல்ல சொல்லிவிடுறன், இல்ல. ஜேம்ஸ் மார்சியா எண்டு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1966ல கல்லூரிப் பெடியளை இருத்தி வச்சு மூண்டு விசயம் பற்றிக் கேள்வி கேட்டவர், என்ன தொழில், என்ன சமயம், என்ன அரசியல் எண்டு. அவர் பாத்தது அவங்கட கருத்து சரியா பிழையா எண்டில்ல. இந்தப் பிள்ளை தேடிப் பாத்திருக்கா, முடிவுக்கு வந்திருக்கா, இந்த ரெண்டும்தான் அவருக்கு வேணும். சில பேர் தேடாமலே முடிவுக்கு வந்திருப்பினம், வீட்டில என்ன சொல்லினமோ அதுதான் அவைட கருத்து. சில பேர் தேடவும் இல்ல முடிவும் இல்ல, ஆருக்கென்ன எண்டு இருப்பினம். சில பேர் தேடிக்கொண்டே இருப்பினம் இன்னும் முடிவில்ல, நீர் அந்தக் கூட்டம். மார்சியா அதை ஒரு வருத்தமாப் பாக்கேல்ல, தேடி முடிச்சு தனக்கெண்டு ஒரு நிலைப்பாட்டுக்கு வந்தாக்களும் ஒரு காலத்தில இந்த இடத்தில நிண்டிட்டுத்தான் வந்தவை. உம்மை ஃபேக் எண்டு சொன்ன பிள்ளை எந்தக் கூட்டம் எண்டு எனக்குத் தெரியாது, ஆனா 17 வயசில எல்லாத்திலயும் அசையாம நிக்கிற ஆளைக் கண்டா எனக்கு கொஞ்சம் யோசனைதான் வரும், அந்த உறுதி அவவிடயா இல்ல அவட அப்பாவிடயா எண்டு.

கருத்து மாறுறது குற்றம் எண்டா முதல்ல எங்கட பெரியாக்களைத்தான் பிடிக்கவேணும். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல்ல யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில ஆறு ஆசனத்தில மூண்டு அநுரவிட தேசிய மக்கள் சக்திக்குப் போச்சுது, தெற்கில தொடங்கின ஒரு கட்சி அங்க முன்னுக்கு வரும் எண்டு கனபேர் நினைக்கேல்ல. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வருது, அதே வடக்கில கன சபையள்ல தமிழரசுக் கட்சியிட வீட்டுச் சின்னம் முன்னுக்கு. இடையில ஆறு மாசம்கூட இல்ல. அது வேற தேர்தல் இது வேற தேர்தல் எண்டு நியாயம் சொல்லலாம்தான், சொல்லட்டும், அந்த நியாயம் உமக்கும் இருக்குத்தானே.

மச்சாள் சொன்னது உண்மை. தேசிய மக்கள் சக்திக்குள்ள இருக்கிற அநுரவிட கட்சி ஜே.வி.பி. போட்ட வழக்கிலதான் 2006 ஒக்டோபரில உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது எண்டது, 2007 ஜனவரி 1ல இருந்து ரெண்டும் தனி மாகாணம். நீர் 2024 செப்டெம்பரில சந்தோசப்பட்டதும் உண்மை, ஏன் எண்டா நீர் கியூவில நிண்ட பிள்ளை, அந்தக் கியூவுக்கு ஆரோ பதில் சொல்லவேணும் எண்டு நினைச்சிருக்கிறீர். ரெண்டு உண்மையும் ஒரு மண்டைக்குள்ள இருக்கலாம், ஒண்டு மற்றதை அடிச்சுக் கலைக்கத் தேவையில்ல. அந்த ஜனாதிபதித் தேர்தல்ல ஒருத்தருமே முதல் எண்ணிக்கையில ஐம்பது வீதம் தாண்டாமல் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினவை, இந்த நாட்டில அதுதான் முதல்தரம். 1, 2, 3 எண்டு போடுற வழி 1978 யாப்பிலயே இருக்குது, எங்கட ஆக்கள்தான் ஒரு புள்ளடியைப் போட்டுட்டு வீட்ட வந்து ரீ குடிக்கிறவை. (ஆருக்குப் போடுறது எண்டு என்னட்ட கேக்காதையும், சொல்லமாட்டன், எடிட்டரும் விடமாட்டார்.)

நான் கவனிக்கச் சொல்லுறது ஒண்டே ஒண்டு, ஒரு கருத்து உம்மட்ட எந்த வழியால வந்து சேந்தது எண்டு. உம்மட கடிதத்தையே எடுப்பம். காஸ் கியூ உம்மட சொந்தக் காலால நிண்டது, 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தது, மேல் மாகாணத்தில கடதாசி இல்லாம தவணைப் பரீட்சை தள்ளிப்போனது, இதெல்லாம் உமக்கு ஒரு அரசியல் ஆய்வாளரும் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்ல, உம்மட ரிப்போர்ட் காட்டிலயே இருக்கும். வடக்கு கிழக்குக் கதை மச்சாள் சொன்னது, மச்சாளுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கலாம், தேடியும் பாக்கலாம், பழைய பேப்பர் இருக்கு, சங்கம் லேனில கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் உமக்கு நடந்து போற தூரம்தான். அந்த ரீல் இருக்கே, அதைப் போட்டது ஆர் எண்டு உமக்கு ஞாபகம் இருக்கா? இருக்காது எண்டுதான் நினைக்கிறன். உம்மட விரல் எதில ரெண்டு செக்கன் கூட நிண்டுதோ அதே மாதிரி இன்னும் பத்தை போன் கொண்டுவந்து போடும், கொஞ்ச நேரத்தில ஊரே அப்பிடித்தான் யோசிக்குது எண்டு இருக்கும். கொப்பியில கருத்தை எழுதும், பக்கத்தில அது ஆரிட்ட இருந்து வந்தது எண்டும் ஒரு சொல்லு எழுதி வையும். மச்சாள், ரீல், அப்பா, நானே பாத்தது. மாறினா வெட்டிப்போட்டு புதுசா எழுதும். இன்ஸ்டாவில போட முதல் கொப்பிக்குப் போகட்டும்.

இனி மெழுகுதிரி.

உம்மட ஃப்ரெண்ட் கேட்டது ஒரு கேள்வி பிள்ளை. சண்டைக்கு வந்த ஆள் கேள்வி கேக்காது, கொமன்ட்ல ஏதாவது எறிஞ்சிட்டுப் போகும், இல்லாட்டி அன்ஃபொலோ பண்ணும். நீர் 'சீன்' ஆக்கிப்போட்டு ரெண்டு கிழமையா விட்டிருக்கிறீர், அவவுக்கு அது எப்பிடித் தெரியும் எண்டு யோசிச்சுப் பாத்தீரா? தான் ஏதோ பெரிய பிழை கேட்டுட்டன் எண்டோ, இல்ல தான் நினைச்சது சரிதான் அதுதான் இவள் பதில் சொல்லுறாள் இல்ல எண்டோ, ரெண்டில ஒண்டு. அவவிட வீட்டு ரீவியில மே மாசம் எண்டா 19ஆந் திகதி, படைவீரர் நினைவு. உம்மட வீட்டில 18, முள்ளிவாய்க்கால் நினைவு. ஒரே பஸ்ல போய் ஒரே வகுப்பில இருக்கிற ரெண்டு பிள்ளையளுக்கு பக்கத்துப் பக்கத்து நாள் ரெண்டு வேற நாளா இருக்குது, அதை ரெண்டு பேரும் உருவாக்கேல்ல.

அவவுக்கு நீர் வரலாறு படிப்பிக்கப் போகாதையும். 2009ல எத்தினை பேர், ஐநா என்ன சொன்னது, ஆர் ஆரை என்ன செய்தது எண்டு தொடங்கினா ஹைலெவல் ரோட் முடியிற வரைக்கும் பஸ் போனாலும் முடியாது, ரெண்டு பேரும் தங்கட தங்கட வீட்டில கேட்டதை ஒப்பிச்சிட்டு இறங்கவேண்டியதுதான். உம்மட்ட இருக்கிறது அதைவிடச் சின்னது, ஆனா அது உம்மட சொந்தம். "அது என்ர மாமா. அம்மாட தம்பி. நான் ஒரு வயசில இருக்கேக்க வன்னியில செத்தவர். படம் ஒண்டு இருக்கு, காட்டட்டா?" இவ்வளவுதான். சிங்களத்தில சொல்லும் இங்கிலீஷ்ல சொல்லும், நீங்கள் ரெண்டு பேரும் வழக்கமா எதில அலம்புறீங்களோ அதில சொல்லும், போன்ல தட்டாமல் நேர சொல்லும். பிறகு அவ "அப்ப அவர் எல்.ரி.ரி.ஈ.யா?" எண்டு கேப்பா, கேக்கத்தான் செய்வா. அவர் இயக்கத்தில இருந்தவரா இல்லையா எண்டு நீர் எனக்கு எழுதேல்ல, தெரியுமோ தெரியாதோ, நானும் கேக்கேல்ல. தெரிஞ்சதைச் சொல்லும், தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லும், ஒண்டையும் சோடிக்காதையும். எதா இருந்தாலும் அம்மாவுக்கு அவர் தம்பி, அந்தத் திரி அவருக்குத்தான். அவவிட பக்கத்திலயும் ஒரு மாமா இருக்கலாம் ஒரு சித்தப்பா இருக்கலாம், சொன்னா கேளும், ஆருக்குக் கூட இழப்பு எண்டு கணக்குப் பாக்காதையும். கேட்டு முடிய அவ உம்மட பக்கம் தலையாட்ட வேணும் எண்டு எதிர்பாக்காதையும், ஆட்டாட்டியும் ஃப்ரெண்டா இருக்கலாம். அவ கேட்டா சொல்லுறதுக்கு ஒண்டு, 2022 மே 18ல காலி முகத்திடல்ல, கோட்டாபயவைப் போகச் சொல்லிப் போராட்டம் நடந்த இடத்திலயே, சிங்கள ஆக்கள், பிக்குமார், பாதர்மார், தமிழ் ஆக்கள் எல்லாரும் நிண்டு விளக்குக் கொளுத்தி, கடைசி யுத்தத்தில சனம் குடிச்ச கஞ்சியை நினைவாக் காய்ச்சிக் குடிச்சவை. ஒளிச்சு வச்சுச் செய்த விசயம் இல்ல, கொழும்பு நடுவில நடந்தது.

அதுக்கு முதல் அம்மாவோட இருந்து கதையும். நீர் போட்ட ஸ்டோரியை அம்மா பாத்தாவா எண்டு எழுதேல்ல நீர். அம்மாட தம்பியைப் பற்றி அம்மாவைவிட முதல் இன்ஸ்டாவுக்குச் சொல்லியிருக்கிறீர் போல, அது ஒரு குற்றச்சாட்டு இல்ல, உங்கட வீட்டில அந்தக் கதைக்கு வேற இடம் இல்ல எண்டுதான் எனக்கு விளங்குது.

அப்பாவுக்கு வருவம். "வாயை மூடிக்கொண்டு படி" எண்டதை நீர் உம்மட கருத்தை மதிக்காத கதையா எடுத்திருக்கிறீர். எனக்கு அது வேற மாதிரிக் கேக்குது. கடிதத்தில நடுவில ஒரு இடத்தில சொல்லியிருக்கிறீர், அப்பா 97ல யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு வந்தவர், முதல் கொஞ்ச வருசம் லொட்ஜ்ல இருந்தவர் எண்டு. அந்தக் காலத்து லொட்ஜ் எண்டா என்ன எண்டு தெரியுமா? பொலிஸ்ல பதிஞ்ச துண்டு சட்டைப் பையில இருக்கவேணும், இரவில கதவு தட்டுப்படும், எங்க இருந்து வந்தனி ஏன் வந்தனி எப்ப போவாய் எண்டு கேப்பினம். 2007 ஜூன் 7 விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகள்ல இருந்த தமிழ் ஆக்கள் 300 பேருக்கு மேல பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பிவிட்டவை, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நிண்டது. நீர் பிறக்கிறதுக்கு கொஞ்ச நாளுக்கு முதல் நடந்த கதை. அந்த ஊரில, அதே ரோட்டில, வாயைத் திறக்காம இருந்து தப்பின மனிசன் உமக்கும் தான் தப்பின வழியைத்தான் சொல்லித் தாறார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே பாதுகாப்பு அது.

பழைய பயம் எண்டும் தள்ளிவிட ஏலாது. 2024 மேயில சம்பூரில முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினதுக்குப் பொம்பிளையளைப் பிடிச்சவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல தற்காலிகம் எண்டு வந்தது, உம்மட அப்பாவுக்கு அப்ப மூண்டு நாலு வயசிருக்கும், இப்ப அம்பதுக்குக் கிட்ட. 2024ல நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கு. செத்த மாமாவுக்கு ஒரு மெழுகுதிரிப் படம் போட்டது தப்பு எண்டு நான் சொல்லமாட்டன், அது தப்பில்ல. ஆனா சின்னம், கொடி, தலைவர்மாரிட படம், ஆரோ செய்த வீடியோவை வாசிக்காமல் ஷெயார் பண்ணுறது, இதுகள்ல அப்பா சொல்லுறதைக் கேளும். ஸ்டோரி 24 மணித்தியாலத்தில போயிடும் எண்டு எழுதியிருக்கிறீர், ஸ்கிரீன்ஷொட் போகாது.

அப்பாவோட கதைக்கிறதுக்கு அரசியலால போகாதையும், கதவு பூட்டியிருக்கு. பாட்டால போம். அவருக்கு 17 வயசு எண்டா 93 மட்டில, யாழ்ப்பாணத்தில அப்ப வருசக்கணக்கா கரண்ட் இல்ல, பற்றரியும் தடை. பெடியள் சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுத்துத்தான் பாட்டும் செய்தியும் கேட்டவை, சுத்துறவன் களைச்சா பாட்டு இழுபடும், உடன எல்லாரும் அவனுக்குப் பேச்சு. ஒருத்தன் சுத்த மற்றவங்கள் கேக்கிறது, பிறகு முறை மாறும். "அப்பா நீங்கள் சுத்தினனீங்களா, என்ன பாட்டுக் கேட்டனீங்கள்?" எண்டு கேட்டுப் பாரும். சாப்பிடேக்க கேளும், ரீவியை நிப்பாட்டிப்போட்டு. பாட்டில தொடங்கின கதை எங்க போய் நிக்கும் எண்டு தெரியாது, நீர் இடையில "அப்ப ஏன் இப்ப என்னைக் கதைக்க விடுறீங்கள் இல்ல" எண்டு குறுக்க போகாமல் இருந்தாச் சரி. அந்தக் கேள்விக்கு வேற ஒரு நாள் இருக்கு.

பாட்டு விசயத்தில நீர் தேவையில்லாமல் வெக்கப்படுறீர். கே-பொப்பும் பைலாவும் இளையராஜாவும் ஒரே போன்ல இருந்தா என்ன, கொழும்பில வளந்த காது அப்பிடித்தான் இருக்கும். காலி வீதியில 100 நம்பர் பஸ்ல ஏறினா டிரைவர் போடுறதுதான் பாட்டு, பம்பலப்பிட்டியில இறங்கேக்க உமக்கு அரைவாசி வரி பாடமாகியிருக்கும். பைலா தரங்குறைஞ்சது எண்டு ஆரோ வகுப்பில சொன்னதா எழுதியிருக்கிறீர். போத்துக்கீசரும் அவங்கள் கூட்டிக்கொண்டு வந்த ஆபிரிக்க ஆக்களும் விட்டுட்டுப் போன தாளம் அது, இண்டைக்கும் மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்கள்ல ஆடுகினம். அதைப் பாட்டாக்கி ஊருக்குக் கொண்டுவந்த வொலி பஸ்டியன் ஒரு பொலிஸ்காரர். அறுபதுகள் கடைசியிலயும் எழுபதுகள்லயும் எங்கட ஆக்கள் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் மாதிரி ஆக்கள் அதே தாளத்தில தமிழ்ப் பொப் பாட்டுப் பாடினவை, மனோகரன்ட பாட்டு தமிழ்நாடு வரைக்கும் போய் அங்க அவருக்கு சிலோன் மனோகர் எண்டே பேர் விழுந்தது. அப்பவும் பெரியாக்கள் இதெல்லாம் ஒரு பாட்டா எண்டு கேட்டிருப்பினம், இப்ப அதே பெரியாக்கள்தான் கலியாண வீட்டில அந்தப் பாட்டுப் போட்டா முதல் எழும்பி ஆடுகினம், நீர் பாத்திருப்பீர். 2021ல யொஹானி பாடின சிங்களப் பாட்டு இந்தியா முழுக்க ஓடினதும் உமக்கு நான் சொல்லத் தேவையில்ல. ராப்ல கூடாத சொல்லு வருதெண்டா அது உமக்குப் பிடிக்குதா இல்லையா எண்டு நீர்தான் பாக்கவேணும், நான் தடை போட வரேல்ல.

சங்கீதம் விட்டதுக்கு அம்மா மூஞ்சை நீட்டுறா எண்டதில நான் கொஞ்சம் அம்மா பக்கம். வட இலங்கைச் சங்கீத சபை சோதினைக்கு ஒவ்வொரு தரமா உம்மைக் கூட்டிக்கொண்டு போய் வாசல்ல நிண்டது ஆர்? பாட்டு விட்டதைவிட நீர் அதை ஒரு நாள் திடீரெண்டு அறிவிச்ச விதம்தான் அவவுக்கு நொந்திருக்கும் எண்டு கடிதத்தைப் பாக்கத் தெரியுது. திரும்பப் படி எண்டு சொல்லேல்ல. ஒரு நாள் கேக்காமலே வீட்டில ஒரு கீர்த்தனை பாடிப் பாரும், வரியை மறந்தா அம்மா எடுத்துத் தருவா.

எஃப்.எம். அறிவிப்பாளர்மார் கதை எனக்கும் கோபம்தான், இதில நான் நடுநிலை இல்ல. ஒரு காலத்தில இலங்கை வானொலித் தமிழைக் கேக்கிறதுக்கு தமிழ்நாட்டில ஆக்கள் ரேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டு இருந்தவை, மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீட் எண்டா அங்க சினிமா நடிகர் மாதிரி. இப்ப தலைகீழ். ஒரு நிகழ்ச்சியில இப்பிடிக் கதைக்கிறதைக் கேட்டா அந்த நிலையத்துக்கு ஒரு மெசேஜ் போடும், "எங்கட தமிழ்ல கதையுங்கோ, எங்களுக்கு விளங்கும்" எண்டு. பத்துப் பிள்ளையள் போட்டா ஒருத்தராவது வாசிப்பினம்.

ஆறரை மணி. இதை நீர் பாட்டுக்கும் எஃப்.எம்.முக்கும் நடுவில ஒரு வரியில போட்டுட்டுப் போயிட்டீர், அரசியல் எண்டு நீர் நினைக்கிறது அநுரவும் வடக்கு கிழக்கும். உம்மட கடிதத்தில உள்ள ஆகப்பெரிய அரசியல் கேள்வி இதுதான், அதுவும் ஒருத்தரிட்டயும் கேட்டு வந்ததில்ல, உம்மட சொந்தக் காலுக்கு வந்தது. உலகத்தில முதல் பெண் பிரதமர் 1960ல இந்த நாட்டில, இப்பவும் பிரதமர் ஒரு பொம்பிளை, ஆனா பாராளுமன்றத்தில 225 பேர்ல பொம்பிளையள் பத்து வீதம் இல்ல, உள்ளூராட்சி சபையள்ல கால்வாசி பொம்பிளையளுக்கு எண்டு சட்டம் போட்டுத்தான் 2018ல இருந்து ஆக்கள் வந்தவை. இதுகளுக்கும் உம்மட ஆறரைக்கும் தொடர்பு இருக்கு. வெளியில நிக்கேலாத ஆள் கூட்டத்துக்கு எப்பிடிப் போறது? வீட்டில சண்டை பிடிக்காதையும், பேரம் பேசும். தம்பி இருந்தா தம்பிக்கு எத்தினை மணி எண்டு கேளும் (இல்லாட்டி ஒண்டுவிட்ட அண்ணாமாரைக் காட்டும்), ரியூசன் முடியிற நேரம் என்ன, ஆரோட வாறன், எந்த பஸ் எண்டு எழுதிக் காட்டும், வெள்ளிக்கிழமை மட்டும் எட்டு மணி எண்டு தொடங்கும். அம்மாவையும் ஒரு நாள் மெரின் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காத்தில இருத்தும். அவவும் கடைசியா எப்ப அங்க சும்மா இருந்தவ எண்டு கேட்டா பதில் வராது எண்டு நினைக்கிறன். மற்றது, அப்பா அம்மா பயப்பிடுற ஆபத்து இல்லாத ஆபத்து இல்ல, பஸ்ல நடக்கிறது உமக்குத் தெரியும், அதை மறைச்சு "ஒண்டும் நடக்காது" எண்டு வாதாடினா நம்பமாட்டினம். நடந்தா என்ன செய்வன் எண்டு சொல்லும்.

இனி பின்குறிப்பு. வோட் 18 ஆனாத்தான், 1959ல சட்டம் மாத்த முதல் 21. 18 ஆன உடன தானா வராது, தேருநர் இடாப்பில பேர் இருக்கவேணும். வருசா வருசம் கிராம சேவகர் மூலம் அதைத் திருத்துவினம், வீட்டுப் படிவத்தில உம்மட பேரைச் சேர்க்கச் சொல்லும், கொழும்பில கனபேர் வாடகை வீடு மாறி மாறி இருக்கிறதால பேர் ஊரில நிக்கும், இல்லாட்டி ஒரு இடத்திலயும் நிக்காது. உங்கட வீட்டு ஆக்களிட பேர் எங்க இருக்கு எண்டு இப்பவே அப்பாட்ட கேளும், இதுக்கு அவர் வாயை மூடச் சொல்லமாட்டார். அடையாள அட்டை 15லயே எடுத்திருக்கவேணும், எடுத்திருப்பீர்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கிறது பற்றி ஆராய்ச்சியள் பொதுவாச் சொல்லுறது, வரி உள்ள பாட்டு வாசிக்கிற வேலைக்கும் பாடமாக்கிற வேலைக்கும் இடைஞ்சல், ஏன் எண்டா ரெண்டும் மூளையில சொல்லுக்குத்தான் அடிபடும். கே-பொப் கொரிய மொழிதானே விளங்காதுதானே எண்டு சொல்லுவீர், ஆனா உமக்கு வரி எல்லாம் பாடம், அதால சலுகை இல்ல. கணக்கீடு செய்யேக்க, பழகின கணக்கெண்டா, மெல்லமாப் போட்டுக்கொண்டு செய்யலாம். பொருளியல் வாசிக்கேக்க இயர்போனைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள வையும், போனையும் சேத்து.